அப்பா கையில் இருந்த கருஞ்சிறுத்தை: அதே படத்தை நான் குத்திக்கொள்ளலாமா?

ராயபுரத்துத் தையல்காரி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 39 வயது. ராயபுரத்தில் வீட்டு மாடியிலேயே ஆரி வேலை செய்கிறேன். கல்யாண பிளவுஸ்தான் அதிகம். கைக்கும் முதுகுக்கும் ஜர்தோசி, நூல் வேலை, கல் வேலை எல்லாம் போட்டுக் கொடுப்பேன்.

அப்பா கப்பல்காரர். சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை. 1978ல் கப்பல் ஹாங்காங்கில் நின்றபோது இடது முன்கையில் ஒரு கருஞ்சிறுத்தை குத்திக்கொண்டு வந்தார். அப்போது அவருக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. கடைச் சுவர் முழுக்கப் படங்கள் மாட்டியிருந்ததாம். கழுகு, பாம்பு, நங்கூரம், பெண் முகம் எல்லாம் இருந்தும் அவர் கண் இதில்தான் நின்றதாம். உடம்பை வளைத்து, வாயைப் பிளந்து, நாலு காலிலும் நகத்தை நீட்டிக்கொண்டிருக்கும். நகம் பட்ட இடத்தில் ரெண்டு மூன்று சொட்டு ரத்தம். அவர் கையே ஒரு மரம் மாதிரியும், அது அந்த மரத்தைப் பற்றிக்கொண்டு ஊர்வது மாதிரியும் இருக்கும்.

சின்ன வயதில் அவர் மடியில் உட்கார்ந்து அதன் வாய்க்குள் விரலை வைப்பேன். அப்பா கையை இறுக்கி மடக்குவார். தோல் இழுபட்டு வாய் மூடுகிற மாதிரி தெரியும். கத்திக்கொண்டு ஓடுவேன், திரும்ப வந்து வைப்பேன். எத்தனை சாயங்காலம் இதே விளையாட்டு.

கல்யாணத்துக்குப் பிறகு வேறு ஏதோ துறைமுகத்தில் அம்மா பெயரையும் அதே கையில் மணிக்கட்டுப் பக்கமாகக் குத்தியிருக்கிறார். மெல்லிய, சாய்ந்த இங்கிலீஷ் எழுத்து. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தப் பெயரைப் படிக்க முடிந்ததில்லை. பச்சையாக ஒரு நூல் கிடக்கிற மாதிரி இருக்கும். ஆனால் சிறுத்தை கடைசி வரை சிறுத்தையாகவே இருந்தது. 2019ல் அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, எதிர் வரிசைக் கட்டிலில் இருந்தவர் அங்கிருந்தே கேட்டார், “என்ன சார், கையில சிறுத்தையா?” அப்பா அன்றைக்கு ரொம்ப நேரம் அவரோடு பேசிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் போய்விட்டார்.

அந்தச் சிறுத்தையை இப்போது நான் என் இடது கையில் குத்திக்கொள்ள ஆசைப்படுகிறேன். இருப்பது ஒரே ஒரு போட்டோ. 1996ல் எடுத்தது. பனியனும் லுங்கியுமாக வாசலில் நிற்கிறார். வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்திருப்பதால் படத்தின் ஒரு முனை மறைந்துவிட்டது. மீதியும் கட்டைவிரல் நகம் அளவுதான், அதுவும் மங்கல். கோடெல்லாம் அப்போதே தடித்து ஓரம் கரைந்துவிட்டது.

நான் பார்த்து வளர்ந்தது அந்தக் கரைந்த சிறுத்தையைத்தான். அதனால் அதை அப்படியே குத்திக்கொள்வதா, இல்லை ஹாங்காங்கில் முதல் நாள் இருந்த மாதிரி கூர்மையாக வரைந்து குத்துவதா என்று தெரியவில்லை.

இன்னொன்றும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. வருஷத்துக்கு நூறு மயிலாவது தைக்கிறேன். தாமரை, யானை, அன்னம் எல்லாம் என் கைக்குப் பழக்கம். அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஒன்றும் இப்படிப் பிடித்து இழுத்ததில்லை. பல்லும் நகமுமாக இருக்கிற ஒரு மிருகப் படத்துக்கு இந்த வலு எங்கிருந்து வருகிறது?

பெரியம்மா, “பொம்பள கையில எதுக்குடி அது?” என்கிறார். எங்கள் ஆயா கையில் பச்சை குத்திய தேள் இருந்தது. கோலப் புள்ளிகளுக்கு நடுவில், கொடுக்கைத் தூக்கிக்கொண்டு. அவரை யாரும் அப்படிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஊசியும் மையும்

அக்கா, வணக்கம். வடபழனியில் 11 வருஷமாக டாட்டூ போடுகிறேன். உங்கள் அப்பா கையில் இருந்ததை நான் பார்த்ததில்லை, ஆனால் அதன் குடும்பத்தைத் தெரியும். எங்கள் தொழிலில் க்ராலிங் பேந்தர் என்போம். அமெரிக்கத் துறைமுகக் கடைகளில் வளர்ந்து, மாலுமிகளோடு கடல் கடந்து போன படம். ஹோனலூலுவில் சைலர் ஜெர்ரி என்ற பெயரில் கடை வைத்திருந்த நார்மன் காலின்ஸ் (1911–1973) மாதிரியானவர்கள் இந்தப் பாணிக்கு ஒரு ஒழுங்கைக் கொடுத்தார்கள். வெளிக்கோடு தடிப்பாக இருக்கணும், உள்ளே கறுப்பு நிறைய இருக்கணும், வண்ணம் ரெண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். கப்பல் கிளம்புவதற்குள் முடிக்க வேண்டிய வேலை, அதனால் தேவையில்லாத ஒரு கோடுகூட அதில் தங்கவில்லை.

அந்தக் காலத்தில் படத்தைச் செல்லுலாய்டு தகட்டில் கீறி வைத்திருப்பார்கள். கீறலுக்குள் கரித்தூளைத் தேய்த்து, வாசலின் தடவிய தோலில் அழுத்தினால் படம் இறங்கிவிடும். அதன் மேல் மெஷின் ஓடும். நீங்கள் ட்ரேஸ் பேப்பரில் ஊசியால் துளை போட்டு, துணி மேல் பவுடர் தேய்க்கிறீர்களே, கிட்டத்தட்ட அதே வேலை.

அம்மா பெயர் ஏன் போச்சு, சிறுத்தை ஏன் நின்றது என்பதுதான் உங்கள் முதல் கேள்விக்கே பதில். மை மேல்தோலில் நிற்பதில்லை. அதற்கு அடியில், ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் போய் உட்காருகிறது. வெளியிலிருந்து வந்த பொருள் என்று உடம்பின் காவல் செல்கள் அதை விழுங்கிவிடும். அந்தச் செல் செத்தால் மை வெளியே வரும், பக்கத்தில் இருக்கிற புதுச் செல் எடுத்து விழுங்கும். 2018ல் பிரான்ஸில் எலிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியில் இதைக் காட்டினார்கள். இப்படிக் கை மாறிக் கை மாறி மை அங்கேயே இருக்கிறது, ஆனால் வருஷம் போகப் போகக் கொஞ்சம் பரவவும் செய்கிறது. மெல்லிய எழுத்தில் சின்னச் சின்ன வளையங்கள் இருக்கும். கோடு அரை மில்லிமீட்டர் தடித்தாலே அந்த ஓட்டை அடைத்துக்கொள்ளும், எழுத்து போய்விடும். சிறுத்தையின் உடம்பில் அடைப்பதற்கு ஓட்டையே கிடையாது. கறுப்புக்குள் கறுப்பு பரவினால் யாருக்குத் தெரியும்?

ஆனால் வாய், கண், பல், கால்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி, இதெல்லாம் வெறும் தோலாக இருக்க வேண்டிய இடங்கள். அதைத் தாராளமாக விட்டால்தான் நாற்பது வருஷம் கழித்தும் வாய் திறந்திருக்கும். ஹாங்காங்கில் குத்தியவர் அதைத் தெரிந்து செய்திருக்கிறார். எதிர்க் கட்டிலில் இருந்தவர் பார்த்தது அந்த இடைவெளியைத்தான்.

எனவே கரைந்த மாதிரி குத்த வேண்டாம். கரைந்த ஓரத்தோடு தொடங்கினால் அது இன்னும் கரையும், பதினைந்து வருஷத்தில் உங்கள் கையில் ஒரு கறுப்புத் திட்டுதான் மிஞ்சும். அப்பாவின் சிறுத்தை அவரோடு நாற்பது வருஷம் இருந்து அப்படி ஆனது. உங்களுடையதும் உங்களோடு இருந்து ஆகட்டும்.

நம் தோல் நிறத்துக்கு இந்தப் பாணி நன்றாக ஒத்துப்போகும். மை அடியில் இருக்கிறது, நம் நிறம் அதற்கு மேலே இருக்கிறது. பழுப்புக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது மாதிரி. இளநீலம், வெளிர்மஞ்சள் எல்லாம் மங்கிவிடும். கறுப்பு நிற்கும், அடர்சிவப்பும் ஓரளவு நிற்கும். சிறுத்தையின் உடம்பில் பளபளப்பு காட்ட வேண்டிய இடத்தில் வெள்ளை மை கேட்காதீர்கள். தோலையே விடச் சொல்லுங்கள்.

அப்புறம் சில விஷயம், கட்டாயம் கவனியுங்கள். காது குத்திய இடத்திலோ பழைய வெட்டுக் காயத்திலோ தழும்பு புடைத்து வளர்ந்திருக்கிறதா? இருந்தால் தோல் டாக்டரைப் பார்க்காமல் இதில் இறங்க வேண்டாம். ஊசி உறையை உங்கள் கண் எதிரில் பிரிக்க வேண்டும், மை சின்ன மூடியில் புதிதாக ஊற்றியதாக இருக்க வேண்டும், ஒருவருக்கு ஊற்றியது இன்னொருவருக்குப் போகக் கூடாது. ரத்த தானம் செய்கிறவர் என்றால் அதற்குப் பிறகு ஓராண்டு காத்திருக்கச் சொல்வார்கள். உங்கள் வேலையில் முன்கை நாள் முழுக்க ஃப்ரேம் கட்டையில் உரசும், ஜரிகைத் தூள் வேறு. ரெண்டு மூன்று வாரமாவது அந்தக் கைக்கு ஓய்வு வேண்டும். கல்யாண ஆர்டர் இல்லாத ஆடி மாதம் பாருங்கள்.

ஒரு கேள்வி அக்கா. தலை எந்தப் பக்கம் இருந்தது, முழங்கைப் பக்கமா, மணிக்கட்டுப் பக்கமா? அது தெரியாமல் வரையத் தொடங்க முடியாது.

---

பழைய பிரஷ்

அம்மாடி, உன் எழுத்தப் படிச்சதும் பதில் எழுதாம இருக்க முடியல. எனக்கு 66 வயசு. மவுண்ட் ரோட்டுல சினிமா பேனர் வரைஞ்ச ஆளு. இருபது அடி, முப்பது அடின்னு கட்டம் போட்டு, சாரத்துல நின்னு வரைவோம். ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்த வேலை போச்சு. இப்ப கண்ணு கொஞ்சம் மங்கல், ஆனா எது நிக்கும் எது நிக்காதுன்னு கைக்கு இன்னும் தெரியும்.

மயிலு ஏன் இழுக்கல, சிறுத்தை ஏன் இழுக்குதுன்னு கேட்டியே. மயிலோட அழகு மொத்தமும் அந்தத் தோகையில இருக்கிற கண்ணுல, நுணுக்கத்துல இருக்கு. கிட்ட வந்து பாக்கணும். பத்தடி தள்ளிப் போனா தோகை ஒரு விசிறி, அவ்வளவுதான். சிறுத்தைய எடுத்துக்க. கண்ணு வேணாம், மீசை வேணாம், மொத்தமா கறுப்பு அடிச்சுடு. முதுகு வளையுற கோடு ஒண்ணு, தோள்பட்டை தூக்கல் ஒண்ணு, தொங்குற தலை ஒண்ணு. அது இருந்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுல போறவன்கூட திரும்பிப் பாப்பான். எங்க மேஸ்திரி சொல்லிக் கொடுத்த முதல் பாடமே, அரைக்கண்ணு மூடிப் பாருன்னுதான். அரைக்கண்ணுல நிக்கலேன்னா முழுக்கண்ணுல எவ்வளவு நுணுக்கம் போட்டும் புண்ணியம் இல்ல.

மாமல்லபுரம் போற வழியில சாளுவன்குப்பத்துல புலிக்குகை இருக்கே, பாத்திருக்கியா? ஒத்தப் பாறை. நடுவுல ஒரு சின்ன அறை மாதிரி குடைஞ்சிருக்கு, அதச் சுத்தி 11 தலை. பேருதான் புலி, அது எல்லாம் யாளித் தலைங்க. உருண்டைக் கண்ணு, பிளந்த வாயி. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. கடல் காத்துல உப்பு அரிச்சு ஓரமெல்லாம் மழுங்கிப் போச்சு, உங்கப்பா கையில இருந்தத மாதிரியே. இருந்தும் மணல்ல நடந்து போய் அத முதல்ல பாக்குறப்ப கால் ஒரு நிமிஷம் நிக்கும். செதுக்குனவன் ஆழமா வெட்டினான். நிழல் விழுற இடம் எதுன்னு தெரிஞ்சு வெட்டினான். கல்லு கரையக் கரைய நிழல் அங்கேயே இருக்கு.

இன்னொண்ணு சொல்லணும். திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பக்கம் மொகரத்துக்குப் புலிவேஷம் கட்டுவாங்க. இந்துக்களும் வேண்டிக்கிட்டுக் கட்டுவாங்க. பன்னெண்டு வயசுல எனக்கு அதுல சாயம் கலக்குற வேலை. மஞ்சள் பூசி, காயுற வரைக்கும் அந்த ஆளு உக்காரக் கூடாது, படுக்கக் கூடாது. கைய விரிச்சுக் கழியப் பிடிச்சுட்டு ராத்திரியெல்லாம் நிப்பாரு. அப்புறம் கறுப்பு வரி. வரி போடுறவரு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாரு. காகிதத்துல போடுற மாதிரி நேரா போடாதே, சதை போற வழியில போடு, வயித்து மடிப்புல வளை, தோள் உருள்ற இடத்துல அகலமாக்குன்னாரு. விடிஞ்சதும் பறை கேட்டு அந்த ஆளு ஒரு எட்டு வெச்சாரு பாரு, வரியெல்லாம் தனியா அசையுது. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. வேஷம்னு தெரியும், சாயம் கலந்ததே நான்தான், இருந்தும் பின்னாடி ரெண்டு அடி போயிட்டேன்.

உன் அப்பா முஷ்டி மடக்கினா வாய் மூடுச்சுன்னு எழுதியிருக்கியே, அதுதான் இது. அந்த ஹாங்காங்காரன் கை மேல படத்த வைக்கல, கைய வெச்சுப் படத்த முடிச்சிருக்கான். அதனால போட்டோவ அளவெடுத்து அப்படியே பெருசாக்காதே. உன் கை வேற. உன் கைய மடக்கி, நீட்டி, திருப்பிப் பாத்து, எங்க சதை உருளுதோ அங்க அதோட தோள் வர்ற மாதிரி வெச்சுக்க.

பெரியம்மா கேட்டதுக்கு நீயே பதில் எழுதிட்ட. ஆயா கையில தேள் இருந்துச்சுல்ல.

---

வியாசர்பாடி வாசகன்

தோழி, வேறொரு கோணத்தில் ஒன்று சொல்ல வேண்டும்.

சென்னையில் முன்கையில் சிறுத்தையோடு பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றால், பத்துப் பேரில் ரெண்டு பேராவது உங்களைக் கட்சி சார்ந்து பார்ப்பார்கள். சிலர் சிரித்து வணக்கம் சொல்வார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உங்கள் அப்பா படத்தை எடுத்தது கடைச் சுவரிலிருந்து. ஆனால் நீங்கள் நடக்கப்போவது இந்த ஊர்த் தெருவில். அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்பதற்காகத்தான் எழுதுகிறேன், தடுப்பதற்காக இல்லை.

இந்தச் சின்னம் வந்த வழியும் உங்கள் கேள்விக்குச் சம்பந்தப்பட்டதுதான். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் லௌன்டெஸ் என்ற மாவட்டம். 1960களில் அங்கே கறுப்பின மக்கள்தான் பெரும்பான்மை, ஆனால் ஓட்டுப் போட விடவில்லை. போராடி வாக்காளர் பட்டியலில் ஏறினார்கள், தங்களுக்கென்று ஒரு கட்சி அமைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறையப் பேர் என்பதால், நம் ஊர் மாதிரியே வாக்குச்சீட்டில் சின்னம் இருந்தது. அந்த மாநிலத்தில் வெள்ளையர் ஆதிக்கத்தைப் பேசிய கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். இவர்கள் எடுத்தது கருஞ்சிறுத்தை. 1966 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் ஹூயி நியூட்டனும் பாபி சீலும் தொடங்கிய பிளாக் பேந்தர் அமைப்பு அந்தச் சிறுத்தையைத்தான் எடுத்துக்கொண்டது. 1972ல் மும்பையில் நாம்தேவ் தசால் போன்ற இளம் எழுத்தாளர்கள் தலித் பேந்தர்ஸ் என்று அமைப்பு தொடங்கினார்கள். 1980களில் அது மதுரை வழியாக நம்மிடம் வந்தது.

பெரியவர் பேனரைப் பற்றிச் சொன்னதுதான் இங்கேயும். எழுத்துத் தெரியாத ஒரு பாட்டி ஒரே பார்வையில் அடையாளம் கண்டு முத்திரை குத்த வேண்டிய படம் அது. நுணுக்கமாக இருந்தால் தோற்றுப்போயிருக்கும். சின்ன வயதில் எங்கள் தெருச் சுவரில் ஒரு அண்ணன் கறுப்புப் பெயிண்டும் ஒரே பிரஷும் வைத்துப் பாயும் சிறுத்தை வரைந்தார். அடுத்த மழைக்காலத்தில் சுவர் பாசி பிடித்துப் பாதி உதிர்ந்துவிட்டது. மிச்சமிருந்த முதுகும் வாலும் போதுமாயிருந்தது எங்களுக்கு. ஸ்கூலுக்குப் போகிற வழியில் அதைத் தொட்டுவிட்டுத்தான் போவோம்.

யாராவது கேட்டால் அப்பா கதையைச் சொல்லுங்கள். அந்தக் கதைக்கு எந்தக் கட்சிக்காரரும் குறுக்கே நிற்க மாட்டார்.

---

கோத்தகிரிக்காரி

அக்கா, நான் இப்போது தாம்பரத்தில் இருக்கிறேன், பிறந்து வளர்ந்தது மலையில். நான் கருஞ்சிறுத்தையை நேரில் பார்த்திருக்கிறேன், அதனால் ஒரே ஒரு வார்த்தை.

அது தனி இனம் கிடையாது. சாதாரணச் சிறுத்தைதான், பிறவியிலேயே கறுப்பு நிறமி கூடுதல். நம் நாட்டுச் சிறுத்தையில் அந்தக் குணம் அப்பா, அம்மா ரெண்டு பக்கமும் இருந்து வந்தால்தான் குட்டி கறுப்பாகப் பிறக்கும். அதனால் புள்ளி போட்ட தாய்க்குக் கறுப்புக் குட்டியும் புள்ளிக் குட்டியும் ஒரே ஈற்றில் பிறக்கலாம். தென் அமெரிக்காவில் கருஞ்சிறுத்தை என்று சொல்வது ஜாகுவார். அதில் ஒரு பக்கம் இருந்து வந்தாலே போதும்.

ஒரு சாயங்காலம் டீத்தோட்டத்துத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தது. வெயில் பக்கவாட்டில் விழுந்தது. தூரத்தில் கறுப்பாகத் தெரிந்த உடம்பு அந்த வெளிச்சத்தில் காப்பிக்கொட்டை நிறமாகி, உள்ளே இருந்த புள்ளி வட்டங்கள் எல்லாம் தெரிந்தன. பட்டுப்புடவையில் அதே நிறத்தில் நெய்த புட்டா, திருப்பினால் மட்டும் தெரியுமே, அப்படி. எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டது. சத்தமே இல்லை.

பல்லைக் காட்டவே இல்லை அது. குத்துவதாக இருந்தால் அந்தப் புள்ளிகளையும் சேர்த்துக் குத்தச் சொல்லுங்கள் அக்கா. அதுதான் உண்மையான சிறுத்தை.

---

ஊசியும் மையும்

கோத்தகிரி தங்கை சொன்னது அருமை, அந்த வெளிச்சத்தை நானும் பார்க்க ஆசைப்படுகிறேன். ஆனால் டாட்டூவில் கறுப்புக்குள் புள்ளி வைத்தால் முதல் ரெண்டு வருஷம் தெரியும், அப்புறம் அதுவும் மூடிக்கொள்ளும். தெரிய வேண்டும் என்றால் உடம்பைச் சாம்பல் நிறமாக்கிப் புள்ளியைக் கறுப்பாக்க வேண்டும். அப்போது அது வேறு படம். அழகான படம்தான், ஆனால் அக்காவின் அப்பா கையில் இருந்தது அது இல்லை.

---

ராயபுரத்துத் தையல்காரி

எல்லோருக்கும் நன்றி. பத்து நாளாக உங்கள் பதில்களைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

பெரியவரே, நீங்கள் சொன்ன மாதிரி புலிக்குகைக்கு ஞாயிற்றுக்கிழமை போய்வந்தேன். அரைக்கண் மூடிப் பார்த்தேன். நிழல் அங்கேயேதான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து நான் தைத்த ஒரு பிளவுஸை எடுத்து மாட்டி, கதவு வரைக்கும் பின்னால் போய் அதே மாதிரி பார்த்தேன். மினுக்கல்தான் தெரிந்தது, மயில் தெரியவில்லை. அன்றிலிருந்து மயிலின் கழுத்தை முதலில் ஒரே நூலில் அழுத்தமாகப் போட்டுவிட்டுத்தான் மற்றதைத் தொடுகிறேன்.

வியாசர்பாடி தோழர் சொன்னதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சேவலும் சிறுத்தையும் என்ற இடத்தில் அவர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். யார் என்ன நினைத்தாலும் எனக்குச் சங்கடம் இல்லை.

கோத்தகிரி தங்கை, உங்கள் சிறுத்தையை நான் ஒருநாள் துணியில் தைப்பேன். கறுப்புத் துணியில் கறுப்பு நூலால். அதற்குத் துணிதான் சரியான இடம் என்று தோன்றுகிறது.

தலை எந்தப் பக்கம் என்று தம்பி கேட்டதில்தான் மாட்டிக்கொண்டேன். போட்டோவில் தெரிகிற முனை வெறும் கறுப்புத் திட்டு. முழங்கைப் பக்கம்தான் தலை, மேலே ஏறுகிற மாதிரிதான் இருந்தது என்று நான் நிச்சயமாக நம்பினேன். அப்படியே ட்ரேஸ் பேப்பரில் வரைந்து, ஊசியால் துளை போட்டு, தேங்காய் எண்ணெயில் நீலப் பவுடரைக் குழைத்து என் கையில் தேய்த்தேன். வியாழக்கிழமை சாயங்காலம், மாடியில். நன்றாக இறங்கியது. கையை மடக்கிப் பார்த்தேன், தோள் உருண்டது.

அம்மா காய்ந்த துணியை எடுக்க மேலே வந்தார். கையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் துணியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துத் திருப்பினார்.

“தலைய மாத்தி வெச்சிருக்க.”

“மேல ஏறுற மாதிரிதானேம்மா இருந்துச்சு?”

“இல்ல. தலை மணிக்கட்டுப் பக்கம். சாப்பாடு போடுறப்ப தட்ட நீட்டுவாரு, நேரா என்னப் பாத்துட்டு வரும். கல்யாணம் ஆன புதுசுல பயந்து கரண்டியக் கீழ போட்டிருக்கேன்.”

முஷ்டியை மடக்கினால் வாய் மூடியது ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மணிக்கட்டு நரம்பு இழுக்கிற இடம் அது. மடியில் உட்கார்ந்து பார்த்தவள் எல்லாவற்றையும் தலைகீழாக மனதில் வைத்திருந்திருக்கிறேன்.

ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பேப்பரைத் திருப்பி வைத்து மறுபடி தேய்த்தேன். அம்மா பேப்பரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். வாய் இன்னும் பெரிது என்றார், வால் நுனி உள்பக்கம் சுருண்டிருக்கும் என்றார், ரத்தச் சொட்டு மூன்று, ரெண்டு இல்லை என்றார். தன் பெயர் இருந்த இடத்தை விரலால் தொட்டார், அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த இடத்தை வெறும் தோலாகவே விடப் போகிறேன்.

காது குத்திய இடம், பழைய தழும்பு எல்லாம் தட்டையாகத்தான் இருக்கிறது தம்பி. ஆடி ரெண்டாவது வாரம் நாள் வாங்கியிருக்கிறேன். கறுப்பும் சிவப்பும் மட்டும், பளபளப்புக்குத் தோல். பெரியம்மாவிடம் அம்மாவே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்று ராத்திரி பவுடரைக் கழுவ மனம் வரவில்லை. அப்படியே படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் தலையணை உறையில் பாதிச் சிறுத்தை நீலமாக ஒட்டியிருந்தது.